திருகு பாலமும் இரண்டு ஓலைகளும்

ஓதவூர் ராஜாவின் காதில் விழக்கூடாத வார்த்தை ஒன்று உண்டு: 'கொஞ்சம் பொறுங்க.' அதை அவரிடம் துணிந்து சொன்னது ஒரு பாலம்.

ராஜபாட்டை ஆற்றைத் தாண்டும் இடத்தில் இருந்த மரப்பாலம் அது. கடல் ஏறி ஆறு நிறைந்ததும் தோணிகள் வரும். காவலாள் காத்தையா கட்டையைத் தள்ளுவான். பாலம் பக்கவாட்டில் திரும்பி வழிவிடும். தோணிகள் கடக்கும்வரை சாலை நிற்கும். அன்று சாலையோடு ராஜாவின் பல்லக்கும் நின்றது. அக்கரையில் மாமனார் வீட்டு விருந்து ஆறிப்போனது.

"நாளைக்கும் நான் வரும்போது பாலம் திரும்பியிருந்தால், இவன் நாட்டைவிட்டே ஓடட்டும்!" என்றார் ராஜா.

காத்தையா அமைச்சர் உத்தண்டியிடம் ஓடினான். "ஐயா, கடல் என் பேச்சைக் கேக்குமா? நாலு பிள்ளைங்களோட எங்க போவேன்?"

உத்தண்டிக்கு நெஞ்சு உறுத்தியது. பாலம் கட்டச் சொன்னதே அவர்தான். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. 'அவையில் என்னைப் புத்திசாலி என்கிறார்கள். என் வீட்டில் வந்து கேட்கட்டும், தெரியும்!' என்று தன்னையே நொந்துகொண்டார்.

காலையில் வழக்கம்போல் ஓலைகளை நீட்டினார். ராஜா வழக்கம்போல் படிக்காமலே முத்திரை குத்தினார். சட்டென்று உத்தண்டிக்குப் பொறி தட்டியது. அவசரமாக இன்னோர் ஓலை எழுதிக் கடைசியில் செருகினார். அதிலும் முத்திரை விழுந்தது.

மதியம் ராஜா வந்தார். பாலம் திரும்பியிருந்தது. அவர் மீசை துடித்தது. காத்தையாவின் பக்கத்தில் நின்ற உத்தண்டி அந்த ஓலையை எடுத்து வாசித்தார்: "கடல் ஏறும்போது பாலம் தோணிகளுக்கு வழிவிட வேண்டும். பல்லக்கில் வருபவர் யாரானாலும் காத்திருக்க வேண்டும். இது ராஜ ஆணை."

"இதில் நான் எப்போது முத்திரை வைத்தேன்?"

"இன்று காலை, மகாராஜா. இரண்டாவது கொட்டாவிக்கும் மூன்றாவது கொட்டாவிக்கும் நடுவில்."

காத்தையா கண்ணை இறுக மூடிக்கொண்டான். ராஜாவோ சிரித்துவிட்டார். "என்னை நிறுத்த என்னால்தான் முடியும் போலிருக்கிறது! காத்தையா, நீ இங்கேயே இரு." பிறகு தன் கையாலேயே ஓர் ஓலை எழுதினார். "உத்தண்டி, உனக்குப் பரிசு. கையெழுத்துப் போடு."

பரிசு என்றதும் உத்தண்டிக்குத் தலைகால் புரியவில்லை. சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

ராஜா ஓலையை வாங்கி உரக்க வாசித்தார்: "மகாராஜா காத்திருக்கும் நாள்களில், காத்தையாவோடு சேர்ந்து நானும் கட்டையைத் தள்ளுவேன் என உத்தண்டியாகிய நான் சம்மதிக்கிறேன்."

"மகாராஜா, கொஞ்சம் பொறுங்க!" என்று அலறினார் உத்தண்டி. "நான் அதைப் படிக்கவே இல்லையே!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி உத்தண்டிக்குப் போட்டார்.

"இதைப் போட்டுக்கொண்டே தள்ளு. விருந்து ஆறுகிறது!"