யாருமில்லை என்று சொல்லாத அம்மையார்

புன்னையூர்க் கோயிலில் விளக்குத் துலக்கி வந்தவர் நல்லமங்கை அம்மையார். புளியும் சாம்பலும் தேய்த்துத் தேய்த்து அவர் விரல்கள் வெடித்துக் கிடக்கும். துலக்கிய விளக்குகளைப் புன்னைவனநாதர் முன் அடுக்கிவிட்டு, "வரேன்யா, கதவைச் சாத்திக்கோ" என்று சொல்லிக்கொண்டுதான் தினமும் குடிசைக்குப் போவார். கணவரையும் பிள்ளையையும் ஒரே வெள்ளத்தில் பறிகொடுத்தவர். பேச்சுத்துணைக்கு அந்தச் சாமியை விட்டால் வேறு நாதி இல்லை.

அந்தக் குடிசைமேல் செக்குக்கார நக்கனுக்குக் கண் விழுந்தது. இன்னொரு செக்குப் போட இடம் வேண்டுமாம். "அது என் பாட்டன் சொத்து" என்று ஊர்ச்சபையில் வழக்குப் போட்டான். தன் பக்கம் பேச வாய்ச்சாலகர் ஒருவரையும் அமர்த்திக்கொண்டான்.

ஏழைகளுக்காக வழக்குரைக்க ஊரும் ஒருவரை வைத்திருந்தது. அவருக்கான நெல் பொதுக் களஞ்சியத்திலிருந்து போகும். வசதி படைத்த புண்ணியவான்களும் கந்தலைச் சுற்றிக்கொண்டு வந்து கேட்கவே களஞ்சியம் காலியாகத் தொடங்கியது. அதனால் சபை ஒரு கட்டுப்பாடு வைத்தது. உதவி கேட்பவர், 'எனக்கு யாருமில்லை' என்று சன்னதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

அம்மையார் கற்பூரத்தின் முன் நின்றார். உள்ளே அவர் காலையில் துலக்கிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஒரு வார்த்தைதானேம்மா, சொல்லிட்டுப் போ" என்றார் சபைத் தலைவர்.

"அவரு இங்கதானேய்யா இருக்காரு. அவரு மொகத்துக்கு நேரா யாருமில்லேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

சபை வாய்விட்டுச் சிரித்தது. "அப்ப அவரையே வந்து பேசச் சொல்லு" என்று தலைவர் கையை விரித்துவிட்டார்.

வழக்கு நாளன்று சன்னதி மண்டபத்தில் அம்மையார் ஒற்றை ஆளாய் நின்றார். அக்கம்பக்கத்தார்கூட எட்டிப் பார்க்கவில்லை. இத்தனை வருடப் பழக்கத்துக்குச் சாமி இப்படித் தனியாக நிற்க வைத்துவிட்டாரே என்று அழுகை முட்டியது. ஆனாலும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கலாமே என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

"ஒம் பக்கம் பேச யாரும்மா இருக்கா?" என்றார் தலைவர்.

சாத்தியிருந்த கருவறைக் கதவு தானே திறந்தது. உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் இருக்கேன். தெனமும் எங்கிட்டச் சொல்லிக்கிட்டுத்தான் அவ அந்த வீட்டுக்குப் போறா. அது அவ வீடு."

நக்கன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டான். இனி உதவி கேட்பவர் கையில் ஒன்றுமில்லை என்று சொன்னால் போதும், யாருமில்லை என்று எவரையும் சொல்லவைக்க வேண்டாம் என்று சபை விதியை மாற்றியது.

அன்று மாலையும் அம்மையார் விளக்குகளை அடுக்கிவிட்டு, "வரேன்யா" என்றார். கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்ல மட்டும் மனம் வரவில்லை.

தனித்து நின்றபோதும் தம் சாமியை விட்டுக்கொடுக்காத நல்லமங்கை அம்மையாரின் வெடித்த விரல்களை நாமும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.