முதல் வாக்கியத்தைத் தாண்டாத பேச்சு

"ஒரு மனிதருடைய வாயை ஒரே ஒரு பகல் மூடிவைக்க உங்கள் ஆசி வேண்டும், அம்மா."

குரு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யார் வாயை?"

"கோதண்டத்தின் வாயை."

கேட்டவர் திருமேனி. பேரவை உறுப்பினர், குருவின் சீடர். குருவைவிட இருபது வயது மூத்தவர். அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. அவர் அதைப் பொருட்படுத்தியதில்லை.

"என்ன செய்தார் கோதண்டம்?"

"பேசுகிறார்."

"பேரவையில் வேறென்ன செய்வார்கள்?"

"முடிக்கமாட்டேன் என்கிறாரே! மழைக்காலம் தொடங்கியபோது பேச எழுந்தார். மழையே நின்றுவிட்டது. அவர் இன்னும் முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை."

குரு இப்போது நிமிர்ந்தார்.

"அது எப்படி?"

"எங்கள் பேரவையில் ஒரு பழைய விதி இருக்கிறது. பேசுகிறவரை யாராவது இடைமறித்தால், அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கலாம். யார் வாயையும் யாரும் அடைத்துவிடக் கூடாது என்று முன்னோர்கள் வைத்தது. நல்ல முன்னோர்கள்!"

"இடைமறிப்பது யார்?"

திருமேனி கீரைக்காம்பு ஒன்றை எடுத்து ஒடித்தார்.

"அவர் சொல்வது அப்படி. 'எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் எழுதிய சட்டம் இது' என்று தொடங்குகிறார். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவன் நான். இருபது வயதில் எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். அதைச் சபையில் சொல்லிக் காட்டினால் சும்மா இருப்பேனா? எழுந்துவிடுவேன். என் கட்சிக்காரர்களும் எழுந்துவிடுவார்கள். கூச்சல் அடங்கியதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும், 'மதிப்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே' என்பார்."

"நல்ல குரலா?"

"அம்மா!"

குரு அடுத்த கொத்தை எடுத்தார். "எந்தச் சட்டம்?"

திருமேனிக்கு அது மனப்பாடம். "காரணம் சொல்லாமல் யாரையும் அடைத்துவைக்கக் கூடாது. யாராக இருந்தாலும் அவர் தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது."

"எதிர்ப்பவர்கள் அதிகமோ?"

"இல்லை. போதுமான வாக்கு எங்களிடம் இருக்கிறது. பேச்சு முடிந்தால் வாக்கெடுப்புதான். நாளை மாலையோடு கூட்டத்தொடர் முடிகிறது. அதற்குள் நிறைவேறாவிட்டால் சட்டம் செத்துப்போகும். மாசிலாமணியும் உள்ளேயே கிடப்பார்."

மாசிலாமணி பள்ளி ஆசிரியர். அணை ஏன் உடைந்தது என்று ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டார். அன்றே போலீசார் அழைத்துப்போனார்கள். ஏன் என்று இதுவரை அவருக்கும் சொல்லவில்லை, அவர் மனைவி அஞ்சுகத்துக்கும் சொல்லவில்லை. அஞ்சுகம் தினமும் பேரவையின் பார்வையாளர் மாடத்தில் வந்து உட்கார்வாள். மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் தேய்த்து மடித்த ஒரு சட்டை. வெளியே வரும்போது அவர் போட்டுக்கொள்ள.

"அதனால் முடிவுசெய்துவிட்டேன்" என்றார் திருமேனி. சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "நாளை காலை ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். அவைக்காவலர்கள் கோதண்டத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விடுவார்கள். மதியத்துக்குள் சட்டம் நிறைவேறிவிடும். நீங்கள் ஒரு வார்த்தை 'நல்லது' என்று சொன்னால் போதும்."

"நல்லது" என்றார் குரு.

முறத்தைத் தள்ளி வைத்தார். எழுந்தார். திருமேனியின் முழங்கையைப் பிடித்து எழுப்பினார். வாசல்வரை நடத்திக்கொண்டு போனார். ஆசி வாசலில்தான் கிடைக்கும்போல என்று திருமேனி தலையைக் குனிந்தார்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்தது.

வெயில் மண்டையைப் பிளந்தது.

"அம்மா?"

கதவில் காதை வைத்துக் கேட்டார்.

"அம்மா! நான் பேசி முடிக்கவில்லை!"

கதவைத் தட்டினார். பிறகு இடித்தார்.

"என்ன தப்பு செய்தேன்? அதையாவது சொல்லுங்கள்!"

மிதிவண்டியில் போன ஒருவன் காலை ஊன்றி நின்றான். "என்ன ஐயா, வீட்டில் சேர்க்கமாட்டேன் என்கிறார்களா?"

"உன் வேலையைப் பாரடா!"

அவன் சிரித்துக்கொண்டே போனான். திருமேனிக்குக் கோபம் தலைக்கேறியது.

"எதிரே உட்கார்ந்தவனை எழுப்பித் தள்ளுவதா? இதற்குப் பெயர் ஞானமா? நேற்றுப் பிறந்தவள் நீ! உனக்கு என்ன தெரியும்? எல்லாரும் சிரித்தார்களே, அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்! கீரை ஆயத்தான் லாயக்கு!"

இன்னும் பல சொன்னார். சிலவற்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கதவு திறந்தது.

குரு பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். முறத்தைத் தொடவில்லை. திருமேனியின் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்கள்."

திருமேனி வாயைத் திறந்தார். மூடினார். வெளியே அவ்வளவு இருந்தது. இங்கே ஒன்றும் வரவில்லை.

குரு காத்திருந்தார்.

"அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அம்மா" என்றார் திருமேனி கடைசியில். "தினமும் மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்கிறாள். நாளைக்கு, நாளைக்கு என்று நான்தான் சொல்கிறேன்."

"வாசலில் கத்தியதில் இது இல்லையே."

திருமேனி முறத்தைத் தன் பக்கம் இழுத்து ஒரு கொத்தை எடுத்தார்.

"சாப்பிட்டுவிட்டுப் போங்கள், உறுப்பினரே. கீரை வெந்துவிடும்."

"நாளைக்கு?"

"நாளைக்கு அவர் பேசுவார்" என்றார் குரு.

*

மறுநாள் கோதண்டம் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மதிப்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் எழுதிய சட்டம் இது."

திருமேனியின் காது மடல் சூடேறியது. சட்டைப்பையில் தீர்மானம் இருந்தது. கை அதன்மேல் போனது. அங்கேயே நின்றது.

பக்கத்து இருக்கையில் இருந்த சீராளன் வழக்கம்போலத் துள்ளி எழப்போனார். திருமேனி அவர் தோள்துண்டைப் பிடித்து இழுத்தார். சீராளன் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்ன அண்ணே, உங்களைத்தான் திட்டுகிறான்!"

"தெரியும். உட்கார்."

பேரவை அமைதியாக இருந்தது.

கோதண்டம் நிறுத்தினார். திருமேனியைப் பார்த்தார். யாரும் எழவில்லை. அவைத் தலைவரைப் பார்த்தார்.

"உறுப்பினர் தொடரலாம்" என்றார் அவைத் தலைவர். அவருக்கே அது புதிதாக இருந்தது.

கோதண்டம் தண்ணீர் எடுத்துக் குடித்தார். டம்ளரை வைக்கும்போது சத்தம் கேட்டது. அவ்வளவு அமைதி.

"என் மகனைக் குத்திக் கொன்றவன் மத்தியச் சிறையில் இருக்கிறான்" என்றார். செருமாத குரல். அந்தக் குரலை அங்கே யாரும் கேட்டதில்லை. "இந்தச் சட்டத்தை மூன்று முறை படித்துப் பார்த்தேன். எனக்கு விளங்கவில்லை. இது வந்தால் அவன் வெளியே வந்துவிடுவானா?"

தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

திருமேனி எழுந்தார். சொல்லவேண்டியதை ஒவ்வொரு சொல்லாக, எழுத்துக்கூட்டுவதுபோல, சொன்னார்.

"வரமாட்டான், ஐயா. அவன்மேல் உள்ள குற்றத்தை அவனிடம் சொன்னார்கள். நீதிபதி அவன் தரப்பையும் கேட்டார். கேட்டுவிட்டுத்தான் தண்டித்தார். இந்தச் சட்டம் எதுவுமே சொல்லப்படாதவர்களுக்கு."

கோதண்டம் தலையை ஆட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வாக்கெடுப்பு மணி அடித்தது.

மாடத்தில் அஞ்சுகம் பையிலிருந்து சட்டையை எடுத்து உதறி, மறுபடியும் மடித்தாள்.

வாக்களிக்கப் போகும் வழியில் இருவரும் அருகருகே வர நேர்ந்தது. திருமேனியால் பொறுக்க முடியவில்லை.

"இதை முதல் நாளே கேட்டிருக்கலாமே, ஐயா!"

"முதல் நாளும் இதைக் கேட்கத்தான் எழுந்தேன்" என்றார் கோதண்டம். "அது இரண்டாவது வாக்கியம்."