இரண்டும் குடிப்பவர்கள் பன்னிரண்டு பேர்

“மேடம், எனக்கு மட்டும் எதை மறைக்கிறீங்க?” என்று வகுப்பு நடுவிலேயே கேட்டார் தவசிமுத்து.

அருப்புக்கோட்டையில், ஓர் இரும்புக்கடையின் மாடியில் நடந்த பயிற்சி மையம் அது. அரசுத் தேர்வு எழுதுகிறவர்கள் காலையில் வகுப்புக்கும் மாலையில் மாதிரித் தேர்வுக்கும் வருவார்கள்.

கேட்டவருக்கு வயது முப்பத்தொன்பது. இந்தத் தேர்வை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். கணக்குப் பாடம் எடுக்கும் நஸீமா அவரைவிடப் பத்து வயது சின்னவள்.

அவள் முந்தாநாள் மாதிரித் தேர்வில் அவர் எழுதிய விடைத்தாளை எடுத்தாள்.

ஓர் அலுவலகத்தில் நாற்பது பேர். டீ குடிப்பவர்கள் இருபத்தாறு. காபி குடிப்பவர்கள் இருபத்திரண்டு. இரண்டும் குடிப்பவர்கள் பன்னிரண்டு. அவர்களில் ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், அவர் இரண்டில் ஒன்றையாவது குடிப்பவராக இருக்க நிகழ்தகவு என்ன?

தவசிமுத்து எழுதியிருந்தார்: நாற்பதுக்கு நாற்பத்தெட்டு.

“நாற்பது பேர் இருக்கிற ஆபீஸ்ல நாற்பத்தெட்டு பேர் எப்படிண்ணே குடிப்பாங்க?”

“கேள்வி தப்பு.”

“இந்தப் பன்னிரண்டை ஏன் விட்டீங்க?”

“அது நம்மளக் குழப்புறதுக்குன்னே போட்டது. எத்தனை வருஷமா எழுதுறேன், எனக்குத் தெரியாதா? எல்லாக் கேள்வியிலயும் தேவையில்லாத நம்பர் ஒண்ணைச் சொருகி வச்சிருப்பாங்க.”

தவசிமுத்து அப்படித்தான். வினாத்தாள் உறையின் முத்திரையை உற்றுப் பார்க்காமல் தேர்வில் உட்கார மாட்டார். முன்வரிசையில் ஒருவர் இருமினால் அது யாருக்கோ ஜாடை என்பார். பாவம், இத்தனை வருடம் தோற்ற மனுஷன் வேறு எதைத்தான் நம்புவார்.

“சரி, நான் என்ன மறைச்சேன்?” என்றாள் நஸீமா.

“நேத்து காலையில கிளாஸ் முடிஞ்சதும் எட்டுப் பேர் போகாம உள்ளயே இருந்தாங்க. கதவு சாத்தியிருந்துச்சு. சாயங்காலம் டெஸ்ட் முடிஞ்சு ஏழு பேர். அப்பவும் கதவு சாத்தியிருந்துச்சு. ஆகமொத்தம் பதினஞ்சு பேருக்கு நீங்க ரகசியமா ஏதோ ஷார்ட்கட் சொல்லித் தர்றீங்க. நாளைக்கு ஓனர்கிட்ட சொல்லப் போறேன்.”

மையத்தின் முதலாளி தனி டியூஷன் என்று காதில் விழுந்தாலே ஆளை வேலையை விட்டு அனுப்பிவிடுவார். விசாரணை எல்லாம் அப்புறம்தான். போன வருடம் வரலாறு எடுத்த சார் அப்படித்தான் போனார். நஸீமாவுக்கு இந்த வேலை வேண்டும்.



“தாராளமா சொல்லுங்கண்ணே. ஆனா எத்தனை பேருன்னு சரியா சொல்லணும். ஓனர் அதைத்தான் முதல்ல கேப்பாரு.”

“பதினஞ்சு.”

“எல்லாரும் இங்கதான் இருக்காங்க. நீங்க உக்காந்தபடியே பேரைச் சொல்லுங்க. சொன்னவங்க எந்திரிச்சு நிக்கட்டும்.”

தவசிமுத்து கூச்சப்படவே இல்லை. காலையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகச் சொன்னார். எட்டுப் பேர் எழுந்து நின்றார்கள்.

“இப்ப சாயங்காலம் இருந்தவங்க.”

“இசக்கியம்மா.”

இசக்கியம்மாள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.

“ஜெரால்டு.”

அவனும் நின்றுகொண்டிருந்தான்.

இப்படியே ஏழு பேரையும் சொல்லி முடித்தார். புதிதாக எழுந்தவர்கள் இரண்டே பேர்.

தவசிமுத்து தலைகளை எண்ணினார். பத்து. மறுபடி எண்ணினார். பத்துதான்.

“மிச்சம் அஞ்சு பேரை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

வகுப்பே சிரித்தது. நஸீமா சிரிக்கவில்லை.

“யார் யாருண்ணே காலையிலயும் இருந்தாங்க, சாயங்காலமும் இருந்தாங்க?”

அவர் விரல் மடக்கத் தொடங்கினார். இசக்கியம்மாள். ஜெரால்டு. முபாரக். காளீஸ்வரி. சௌந்தர். ஐந்து விரலும் மடங்கிவிட்டன. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசையில் இருந்த விடைத்தாளைப் பார்த்தார்.

“அந்தப் பன்னிரண்டு...” என்றார் மெதுவாக.

“ம்.”

“டீக்காரங்க கூடவும் எண்ணிட்டேன். காபிக்காரங்க கூடவும் எண்ணிட்டேன்.”

“ம்.”

பேனாவை எடுத்து நாற்பத்தெட்டை அடித்தார். முப்பத்தாறு என்று எழுதினார். எழுதியதும் சட்டென்று தலை நிமிர்ந்தார். சந்தேகம் அவ்வளவு லேசில் விடுமா?

“அது சரி. கதவைச் சாத்திக்கிட்டு இவங்களுக்கு என்னதான் சொல்லித் தந்தீங்க?”

ஜெரால்டு முந்திக்கொண்டான்.

“இதே கணக்குதாண்ணே. எனக்கும் நாற்பத்தெட்டுதான் வந்துச்சு. எங்க எல்லாருக்குமே அதான். கணக்கு சரியா வராதவங்கதான் கேட்டுக்க இருந்தோம்.”

“கதவு?”

“காத்துக்குத் தானா சாத்திக்கும்” என்றாள் இசக்கியம்மாள். “அதுல தாழ்ப்பாளே கிடையாது. நீங்க தள்ளிப் பாக்கலையா?”

தவசிமுத்து தள்ளிப் பார்த்ததே இல்லை.

நின்றவர்கள் உட்காரப் போனார்கள். நஸீமா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இருங்க. கணக்கு இன்னும் முடியல. அண்ணே, நேத்து காலையில கிளாஸ் முடிஞ்சும் வீட்டுக்குப் போகாம இருந்தவங்களைப் பாத்தீங்கல்ல, எங்க நின்னு பாத்தீங்க?”

“மாடிப்படியில.”

“சாயங்காலம்?”

“அங்கதான்.”

“அப்ப காலையிலயும் போகாம, சாயங்காலமும் போகாம இருந்தவர் இன்னும் ஒருத்தர் இருக்காரு. அவரை விட்டுட்டீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. கீழே கடையில் கம்பி இறக்கும் சத்தம் கேட்டது.

“நாளைக்கு ஓனர் கேட்டா மொத்தம் எத்தனை பேருன்னு சொல்வீங்க?”

தவசிமுத்து நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“பதினொண்ணு மேடம்” என்று எழுந்து நின்றார்.