ஒரு கரண்டி உப்பு

எங்கள் ஊர் இசைச் சபையின் செயலாளர் அம்பலவாணர், ஒரு விஷயம் புரியவில்லை என்றால் உடனே சத்தம் போடுவார். அன்றைக்கு அவருக்குப் புரியாதது பிட்ரேட், அதாவது ஒலிப்பதிவில் ஒரு நொடிக்கு ஒதுக்கும் இடத்தின் அளவு. கச்சேரிப் பதிவைக் கம்ப்யூட்டரில் சின்ன ஃபைலாகச் சுருக்கும் மரகதம் விளக்கிப் பார்த்தாள்.

“கான்ஸ்டன்ட்னா ஒவ்வொரு நொடிக்கும் ஒரே அளவு இடம், ஐயா. ஆவரேஜ்னா மொத்த இடம் அதேதான். ஆனா பாட்டுக்கு அதிகம், சும்மா இருக்கிற நேரத்துக்குக் கம்மி.”

“அப்போ என் வரவேற்புரைக்கு?”

“நடுநடுவே நிறுத்திப் பேசுறீங்க. கம்மி போதும்.”

“எனக்குக் கம்மியா? எல்லாத்துக்கும் ஒரே அளவு போடு! பாட்டும் தெளிவா இருக்கணும், ஃபைலும் பெருசாகக் கூடாது. இல்லேன்னா நாளையிலிருந்து வராதே!”

மரகதம் தலையாட்டினாள். மதியம் சபைப் பந்தியில் அவளே பரிமாற வந்தாள். செயலாளர் இலையில் ஒரு கரண்டி சோறு, ஒரு கரண்டி உப்பு, ஒரு கரண்டி ஊறுகாய் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

“என்னம்மா இது? சோறு இவ்வளவுதானா? இத்தனை உப்பை யார் தின்கிறது?”

“எல்லாத்துக்கும் ஒரே அளவு, ஐயா. இலையும் பெருசாகக் கூடாதுல்ல?”

பந்தியே சிரித்தது. அம்பலவாணர் உப்பைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார், மறுபடி உப்பைப் பார்த்தார்.

“சரி, ஆவரேஜே இருக்கட்டும். முதல்ல சோறு போடு,” என்றவர் குரலைத் தணித்தார். “இதுல என் பேச்சு எது? சோறுதானே?”

“ஊறுகாய், ஐயா,” என்றாள் மரகதம், சோற்றைக் குவித்தபடியே. “தொட்டுக்கிட்டாப் போதும்.”