பச்சை மூஞ்சி மிஷின்

ஒரு ஊர்ல ஒரு குப்பைமேடு இருந்துச்சாம். என்னடி சிரிப்பு? ராஜா இருந்தாருன்னுதான் ஆரம்பிக்கணுமா? ராஜாவெல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு, இப்போ ஊருக்கு ஊர் குப்பைமேடுதான் கொலுவிருக்கு. "ம்" கொட்டிக்கிட்டே கேக்கணும், ஆமா.

அந்தக் குப்பைமேடு சும்மா கிடக்காது. கொட்ட இடம் பத்தலேன்னு நகராட்சிக்காரங்களே அதுக்குத் தீ வைப்பாங்க. புகுபுகுபுகுன்னு கிளம்புற புகை நேரா எங்க போகும்? பவுனு வீட்டுக்குத்தான். பவுனு யாருன்னா, நகராட்சி ஆபீஸ் வாசல்ல வண்டி போட்டுத் துணி தேய்க்கிறவ. அவளுக்கு அல்லின்னு ஒரே மக, உன்னைவிடக் கொஞ்சம் பெரியவ. புகை வந்துட்டா அல்லி நெஞ்சு கீஈஈச்... கீஈஈச்னு கத்தும். உள்ள போன மூச்சு வெளிய வராது. பவுனு அவ முதுகைத் தேய்ச்சு விட்டுக்கிட்டே விடிய விடிய உக்காந்திருப்பா. பெத்த வயிறு பத்தி எரியாதா, பாவம்.

அப்போ, பட்டணத்துல இருந்து விஞ்ஞானிங்க வந்தாங்க. காத்து நல்ல காத்தா கெட்ட காத்தான்னு கண்டுபிடிக்கிற மிஷின் ஒண்ணை நகராட்சி ஆபீஸ் வாசல்ல நட்டுட்டுப் போனாங்க. தங்கமான மிஷின், பொய்யே சொல்லாது. காத்து நல்லா இருந்தா போர்டுல பச்சை மூஞ்சி சிரிக்கும், கெட்டுப்போனா சிவப்பு மூஞ்சி அழும். வச்ச அன்னைக்கே டொய்ங்! சிவப்பு மூஞ்சி.

நகராட்சி சேர்மனுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. ஊர்க் காத்து கெட்டுப்போச்சேன்னு இல்லடி! பச்சை மூஞ்சி வந்தாத்தான் சுத்தமான ஊர்னு விருது குடுப்பாங்களாம், அது கைவிட்டுப் போயிருமேன்னு. "முதல்ல இந்த மூஞ்சியை மாத்துங்கய்யா"ன்னாரு. குப்பைமேட்டை அணைங்கன்னு சொன்னாரா? சேச்சே, அம்புட்டு லேசான வேலையையெல்லாம் பெரிய மனுஷங்க செய்வாங்களா?

அப்புறம் தண்ணி லாரி வந்துச்சு. மிஷினைச் சுத்தி மட்டும் சர்ர்ர்ர்னு பீச்சி அடிச்சாங்க. மிஷினுக்கு ஜலதோஷம் பிடிக்காத குறைதான். வெயில்ல காஞ்சதும் மறுபடி டொய்ங், சிவப்பு மூஞ்சி.

அப்புறம் சேர்மன் மீசையைத் தடவிக்கிட்டே வாசலைப் பாத்தாரு. பவுனோட இஸ்திரிப் பெட்டியில கரி கணகணன்னு கனிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. "பிடிச்சுட்டேன்யா! ஊர்க் காத்தைக் கெடுக்கிறதே இந்தம்மாதான்!"னு வண்டியைத் தெருக்கோடிக்குத் தள்ளி விட்டாரு. மலை மாதிரி குப்பை எரியுது, அது கண்ணுல படல. கை அகலப் பெட்டி பட்டுருச்சு. அடடா, என்ன கண்ணு, என்ன கண்ணு! வண்டி போயும் டொய்ங், அதே சிவப்பு மூஞ்சி. பவுனுக்கு அன்னைக்குப் பொழப்பு போனதுதான் மிச்சம்.

மூணாவதா என்ன பண்ணாரு தெரியுமா? மிஷினைச் சுத்திக் கண்ணாடி ரூம் கட்டினாரு. ஏசி மாட்டினாரு. காத்தை வடிகட்டுற பெட்டி ஒண்ணை வாங்கி உள்ள வச்சாரு, அது உய்ய்ய்ங்னு ஓடுச்சு. டிங்! பச்சை மூஞ்சி. ஊருக்கு விருது! தூங்கிட்டியா? ம்? சரி, சரி.

விருது குடுக்க மேலிடத்துல இருந்து ஆளுங்க வர்ற அன்னைக்குக் காலையில, ஊரையே கூட்டிப் பெருக்கி அம்புட்டுக் குப்பையையும் மேட்டுல கொட்டினாங்க. கொட்டி என்ன பண்ணாங்க? அதேதான்! வானமே தெரியல. அல்லிக்கு உதடு நீலம் பூத்துப்போச்சு. பவுனு அவளைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினா. நர்ஸம்மா அல்லி முகத்துல குழாயை மாட்டி மருந்தை இழுக்க வச்சுட்டு, "இங்கயும் புகை அடைச்சுக் கிடக்கும்மா. நல்ல காத்து உள்ள இடமாப் பாத்துக் கொண்டுபோ, இல்லேன்னா மறுபடி இழுக்கும்"னாங்க.

"நல்ல காத்துக்கு நான் எங்கம்மா போவேன்?"னு பவுனு வாய்விட்டு அழுதா. அப்போ அவளுக்குச் சுரீர்னு உறைச்சுது. ஊருக்குள்ள பச்சை மூஞ்சி சிரிக்கிற இடம் ஒண்ணு இருக்கே!

தடதடன்னு ஓடினா. கண்ணாடி ரூம் வாசல்ல வாட்ச்மேன் ஒச்சப்பன் நிக்கிறான்.

"உள்ள போகக்கூடாதுக்கா, மிஷினுக்குத் தூசி ஆகாது."

"மிஷினுக்கு ஆகாது, எம்புள்ளைக்கு மட்டும் ஆகுமா? நகரு தம்பி!"

உள்ள போய் அல்லியை மடியில போட்டுக்கிட்டு உக்காந்தா. கொஞ்ச நேரத்துல கீச்சு குறைஞ்சுது, உதட்டுல ரத்தம் ஓடுச்சு. அதைப் பாத்ததும் ஒச்சப்பன் ஓடிப்போய், இளைப்பு வாங்குற அவங்கப்பாவைத் தூக்கிட்டு வந்தான். அப்புறம் தெருவே வந்துச்சு, கைக்குழந்தையும் கிழடு கட்டையுமா. ரூம் நிறைஞ்சதும் பவுனு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டா, டடக்!

அப்போதான் விருதுக்காரங்க கோட்டும் சூட்டுமா வந்து இறங்கினாங்க. சேர்மன் மைக்கைப் பிடிச்சு, "எங்க ஊர்க் காத்து மூலிகைக் காத்து... லொக்... சுவாசிச்சா நூறு வயசு... லொக் லொக்"னாரு. விருதுக்காரங்களுக்குக் கண்ணுல தண்ணி தாரை தாரையாக் கொட்டுது. பேச்சு அம்புட்டு உருக்கம்! மூக்கைப் பொத்திக்கிட்டு விருதோட கார்ல ஏறிப் பறந்துட்டாங்க. சேர்மன் தட்டுத் தடுமாறிக் கண்ணாடிக் கதவுல வந்து முட்டினாரு. டொக் டொக் டொக்!

"ஏம்மா, மூச்சு முட்டுதும்மா! கொஞ்சம் உள்ள விடும்மா!"

"எதுக்குங்கய்யா? வெளியதான் மூலிகைக் காத்து. நல்லா இழுத்து விடுங்க."

"விளையாடாதம்மா, என்ன வேணும் சொல்லு!"

"குப்பைமேட்டை அணைங்க, அணைச்சாத்தான் கதவு. அதுவரைக்கும் தட்டாதீங்க, எம்புள்ள இப்பத்தான் தூங்குது."

ஆமாடி, அல்லி தூங்கிட்டா. நெஞ்சுல ஒரு சத்தம் இல்லாம, அம்மா மடியில. பவுனு அவ நெஞ்சுல கை வச்சுக்கிட்டு சந்தோஷத்துல அழுதா.

அப்புறமா? லாரி லாரியா மண்ணைக் கொட்டி அன்னைக்கே அணைச்சாங்க. நிஜமாவான்னா கேக்கிற? கதைதானேடி, கதையில எல்லாம் டக்குனு அணைச்சுருவாங்க. நம்ம ஊர்ல... இரு, ஜன்னலைச் சாத்திட்டு வர்றேன், புகை உள்ள வருது. கதை அம்புட்டுதான், கண்ணை மூடு.