மழை விட்டால் மாயம் கெட்டி

கொட்டுகிற மழையில், கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, யாராவது நாரை பார்க்கக் கிளம்புவார்களா? நீங்களே சொல்லுங்கள்.

கிளம்பினார்களே! அது ராஜாக்கள் ஆண்ட காலம். மந்திரத்துக்கும் பஞ்சமில்லை, மழைக்கும் பஞ்சமில்லை. கொடைப்பேரி என்று ஒரு ஊர். ஊருக்கு வடக்கே பெரிய குளம். குளத்துக்குள் நிற்கிற கருவேல மரங்களில் மார்கழி பிறந்தால் மஞ்சள்மூக்கு நாரைகள் வந்து இறங்கும். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகள்கள் என்றுதான் ஊரார் அவற்றைச் சொல்வார்கள். மகள் வந்திருக்கிறாள் என்றால் போய்ப் பார்க்காமல் இருப்பார்களா? மழையோ வெயிலோ, ஒரு நாள் கரையில் நின்று பார்த்துவிட்டு வருவது வழக்கம்.

வடிவு வருஷம் தவறாமல் போகிறவள். அந்த வருஷம் சிநேகிதி மாடத்தியையும் இழுத்துக்கொண்டு போனாள். மழைக்கு மறைவாகத் தலையில் ஆளுக்கொரு ஓலைக் கொங்காணி. மழை சோவென்று பெய்தது.

"ஏட்டி வடிவு, இதைப் பார்க்கவா என்னைக் கூட்டிட்டு வந்தே? நானும் அப்போதிருந்து பார்க்கேன், நிக்குது. இப்பவும் நிக்குது. எங்க மாமனாரே இதைவிட அசைவாரு."

"வாயை மூடிக்கிட்டுப் பாரேன்."

"மூடினாக் குளிருதுட்டி."

பக்கத்துத் தாழம்புதருக்குள் யாரோ சிரித்தார்கள். உடம்பெல்லாம் சேறும் கையில் ஒரு கோலுமாக ஒருவன் எழுந்து வந்தான். சோறு தின்னாத பிள்ளைகளுக்குப் பூச்சி காட்டுவார்களே சேற்றுமாயன் என்று, அவனேதான்.

"இளவரசருக்குப் பேசுற நாரை வேணுமாம். நாடெல்லாம் தேடிட்டேன், இப்படி ஒரு வாய் எங்கேயும் கிடைக்கலை!" என்றான்.

"வாய்தான் வேணும்னா உம்ம வீட்டுக்காரிகிட்டக் கேளும்" என்றாள் மாடத்தி.

அவன் கோலை அவள் தோளில் வைத்தான். அவ்வளவுதான். கொங்காணி மட்டும் கரையில் கிடந்தது. ஒரு நாரை படபடவென்று எழும்பிப் போய் மரத்துக் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்துவிட்டது.

வடிவு அவனை மறித்தாள். "ஐயா, அவளுக்குப் பால்குடிப் பிள்ளை இருக்குய்யா! பசிச்சா வேற எதையும் வாங்காது!"

"மழை பெய்யும் மட்டும் என் மாயம் பச்சை மண்ணு. மழை விட்டால் மாயம் கெட்டி! அப்புறம் அவ பேசுவா, கூண்டுல ஏறி அரண்மனைக்குப் போவா. ஆனா மாயத்துக்கும் ஒரு நியாயம் உண்டு பிள்ளே. இதுல அவ எந்த நாரைன்னு மூணு தரம் கை காட்டலாம். சரியாக் காட்டினா என் கோல் ஒடியும், அவ உனக்கு. தப்பினா எனக்கு."

வடிவு கரையோரம் ஓடிப்போய், "மாடத்தீ!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். எல்லா நாரையும் திரும்பிப் பார்த்தன. முதலில் திரும்பியதைக் கை காட்டினாள். அது மூக்கைப் படபடவென்று அடித்துவிட்டுப் பறந்தே போயிற்று.

"ஒண்ணு போச்சு! மழை விட்டால் மாயம் கெட்டி!"

பிள்ளைச் சத்தம் கேட்டால் தாய் சும்மா இருப்பாளா? வடிவு கைக்குழந்தை மாதிரி வீறிட்டு அழுதாள். ஒரு நாரை மரத்தை விட்டுப் பறந்து கரையில் இறங்கி, நேராக அவளைப் பார்த்து நடந்து வந்தது. "வந்துட்டியாட்டி!" என்று கை நீட்டினாள். நாரை அவள் காலடியில் கிடந்த தவளையைக் கொத்திக்கொண்டு திரும்பி நடந்தது.

சேற்றுமாயன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அவ காலை மாயத்தால கிளையோட கட்டிப் போட்டிருக்கேன், எப்படி வருவா? ரெண்டு போச்சு! மழை விட்டால் மாயம் கெட்டி!"

மேற்கே வானம் வெளுக்கத் தொடங்கியது. வீட்டில் பிள்ளை எழுந்திருக்கும். வடிவுக்குச் செய்ய ஒன்றும் தோன்றவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தாள். பார்க்கத்தானே வந்தோம், பார்ப்போம் என்று ஒவ்வொரு மரமாகப் பார்த்தாள்.

வாடைக்காற்று சாரலைச் சாய்த்து அடித்தது. நாரைகள் அத்தனையும் காற்று வருகிற வடக்கே மூக்கை நீட்டி நின்றன. எந்த வருஷமும் அப்படித்தான். எதிர்த்து நின்றால் இறகு படிந்துகொள்ளும், தண்ணீர் வழிந்து ஓடிவிடும். முதுகைக் கொடுத்தாலோ இறகு தூக்கிக்கொண்டு உள்ளே நனைந்துபோகும். பறவைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் தெற்கே திரும்பி நின்றது. கழுத்தைக் குறுக்கி, சாரலுக்கு முதுகைக் கொடுத்து, இறகெல்லாம் விரிந்து, தொப்பலாக நனைந்து நடுங்கியது. அதை ஒட்டி இன்னொரு நாரை நின்றது.

மழையைக் கண்டால் முதுகு காட்டுகிற சாதி எது? மனுஷ சாதிதான்!

"அந்தா! தெக்கே பார்த்து நிக்கால்ல, அவதான் என் மாடத்தி!"

படீரென்று கோல் ஒடிந்தது. கருவேலங்கிளையில் சேலையும் தானுமாக மாடத்தி தொங்கினாள். "ஏட்டி, முள்ளு குத்துது, சட்டுன்னு வந்து இறக்கு!" வடிவு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய் அவளை இறக்கினாள். கோல் ஒடிந்ததும் சேற்றுமாயன் மேலிருந்த சேறெல்லாம் மழையில் கரைந்துவிட்டது. உள்ளே இருந்தது ஒரு சோனி ஆள். எடுத்தான் ஓட்டம்.

சேதி ராஜா காதுக்கும் போயிற்று. அந்தக் குளத்தில் யாரும் கண்ணி வைக்கக்கூடாதென்று தண்டோரா போட்டு, குளக்காவலை வடிவுக்கே கொடுத்தார். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு இருவரும் ஓட்டமும் நடையுமாக வீடு வந்தபோது பிள்ளை அழுது அழுது விக்கிக்கொண்டிருந்தது. மாடத்தி ஈரச்சேலையை மாற்றிவிட்டு வாரி எடுத்தாள். பிள்ளை குடிக்கத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. வடிவு தன் கொங்காணியை எடுத்தாள்.

"நான் கிளம்புதேன் மாடத்தி."

"வடிவு, நில்லு. எனக்குக் குளிருதுன்னு மரத்துல ஒரு நாரை என்னை ஒட்டியே நின்னா, பார்த்தியா? அவ முட்டை வைக்கப் போறா. கூட்டுல குச்சி பத்தலை, ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு. போற வழியில நாலு காஞ்ச குச்சி பொறுக்கி, அந்த மரத்துக்கு நேராக் கரையில போட்டுட்டுப் போயேன்."