யார் ஜெயிப்பார் என்று தெரிந்த கல்

ஆறு மாதம் பனி பெய்து, மீதி ஆறு மாதம் அந்தப் பனியைப் பற்றியே பேசும் வடக்கத்தி ஊர் ஒன்றில் ஒரு பனி அரங்கம் இருந்தது. அதில் பதினாறு கற்கள் குடியிருந்தன. எட்டு சிவப்பு, எட்டு மஞ்சள். இட்லிப் பானை போல் குண்டான கருங்கற்கள். தலையில் ஒரு கைப்பிடி.

அங்கே நடக்கும் ஆட்டம் எளியது. பனித்தரையில் கல்லை வழுக்கிவிட வேண்டும். மறுகோடியில் வட்டமாக ஒரு வீடு வரைந்திருக்கும். அதன் நடுப்புள்ளியை மிக நெருங்கி நிற்கும் கல்லின் அணிக்கு வெற்றி. கல் போகும்போது துடைப்பங்கள் முன்னால் ஓடித் தரையைத் தேய்க்கும். தேய்த்தால் கல் கொஞ்சம் கூடுதலாகப் போகும், கொஞ்சம் நேராகவும் போகும்.

ஓடும் கல்லைத் துடைப்பம் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் தொட்ட துடைப்பமே அதைச் சொல்லிவிட வேண்டும். கல்லை வைப்பதா எடுப்பதா என்று எதிரணி முடிவு செய்யும். நடுவர் ஒருவர் இருந்தார். ஆனால் இதைக் கண்டுபிடிப்பது அவர் வேலை இல்லை. பனியின் வெப்பநிலைக்கு மூன்று பக்கம் ஒதுக்கிய சட்டப்புத்தகம் இதற்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தது.

அணிக்கு நான்கு மனிதர்களும் உண்டு. அவர்கள் துடைப்பங்களைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் கதையில் அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

கற்கள் அரங்கத்தின் சொத்து. யார் ஆட வந்தாலும் அதே கற்கள்தான். அதனால் தங்கள் நடுநிலை பற்றி அவற்றுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சிவப்பில் எட்டாம் கல்லுக்கு மட்டும் ஒரு மனக்குறை.

"எனக்கு அலுத்துப்போச்சு," என்றது அது. "மார்ச்ல நடக்கிற இறுதி ஆட்டத்துல யாரு ஜெயிப்பாங்கன்னு அக்டோபர்லயே தெரிஞ்சுடுது. அப்புறம் எதுக்கு ஆறு மாசம் வழுக்கிக்கிட்டுக் கிடக்கணும்?"

"வாயை மூடு. நாம நடுநிலை," என்றது ஏழாம் கல்.

"நடுநிலைன்னா கண்ணு தெரியாதுன்னு அர்த்தமா?"

எட்டாம் கல் சொன்னதில் தப்பில்லை. மூன்று வருடங்களுக்கு முன் தலைநகரிலிருந்து, ஆட்டக்காரர்களுக்கு உதவ, அரசு மானியம் வந்தது. கோப்பும் கையுமாக வந்து, அந்த வருட இறுதி ஆட்டத்தில் ஜெயித்தது யார் என்று மட்டும் விசாரித்தது. கார்பன் என்றார்கள். கருப்பாகப் பளபளக்கும் புதுமாதிரித் துடைப்பம் அது. அன்று முதல் கார்பனுக்கு ஆட்டத்தைத் தவிர வேறு வேலை இல்லை. காலையிலிருந்து மாலை வரை பனித்தரை அதற்குத்தான். அதட்டிப் பழக்க ஒரு பயிற்சியாளர், நாரைச் சீவிவிட ஒருவர், மனம் சோராமல் பார்த்துக்கொள்ள ஒருவர்.

இறுதி ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் அதனிடம் தோற்றது மரப்பிடி என்ற துடைப்பம். பகலெல்லாம் அது ரொட்டிக்கடையில் மாவு கூட்டும். ஆறு மணிக்குக் கடை மூடியதும் நாரிலிருந்து மாவு உதிர உதிர ஓடிவரும். அரங்கத்தை ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

போட்டிப் பதிவேட்டில் இரண்டின் பெயருக்கு நேரேயும் 'அமெச்சூர்' என்றுதான் எழுதியிருந்தது. காசுக்காக ஆடாதவர் என்று பொருள். கார்பனும் காசுக்காக ஆடவில்லைதான். அது ஆட வேண்டும் என்பதற்காகக் காசு வந்துகொண்டிருந்தது. நுட்பமான வித்தியாசம். தலைநகரில் இருப்பவர்களுக்குப் புரியும்.

அந்த வருடம் அக்டோபரில் மரப்பிடி மானியத்தைப் போய்ப் பார்த்தது.

"சார், எனக்கும் கொஞ்சம் உதவி செஞ்சா என்ன?"

"தாராளமா. ஜெயிச்சுட்டு வாங்க."

"ஜெயிக்கப் பழகணும் சார். பழக நேரம் வேணும். நேரத்துக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

"ஜெயிச்சா நேரம் தன்னால கிடைச்சுடுமே!" என்று மானியம் அன்பாகச் சொன்னது. அதன் குரலில் வஞ்சகம் துளியும் இல்லை. வட்டத்துக்குள் நிற்பவர்களுக்கு அது வட்டமாகத் தெரிவதில்லை.

"அடுத்த குளிர்காலத்துலேர்ந்து கடையை எட்டு மணி வரைக்கும் திறக்கப் போறாரு முதலாளி. அதோட என் ஆட்டம் முடிஞ்சது சார்."

"அப்போ இந்த வருஷமே ஜெயிச்சுடுங்க," என்று மானியம் கோப்பை மூடியது.

பிப்ரவரிக் கடைசியில் பெரிய பனிப்புயல் ஒன்று வந்தது. ரொட்டிக்கடைக்கு மாவு வண்டி வர முடியவில்லை. கடை பத்து நாள் மூடிக் கிடந்தது. அந்தப் பத்து நாளும் மரப்பிடி விடிந்ததும் அரங்கத்துக்கு வந்து, ஒரு மூலையில் கிடைத்த இடத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"என்னப்பா, இங்கேயே குடிவந்துட்டியா?" என்றது கார்பன்.

"ஏன், உன் பட்டாவுல நான் நிக்கிறேனா?"

கார்பன் சிரித்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தது.

இறுதி ஆட்டம். கடைசிச் சுற்று வரை இரு அணியும் சமம். மரப்பிடியின் மஞ்சள் கல் வீட்டின் நடுப்புள்ளியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது. மிச்சம் இருந்தது கார்பன் அணியின் எட்டாம் கல் ஒன்றுதான்.

எட்டாம் கல் கிளம்பியது. வேகம் கொஞ்சம் குறைவு. கார்பன் உயிரைக் கொடுத்துத் தேய்த்தது. கல் வீட்டை நெருங்கும் நேரத்தில் நாரின் ஓரம் அதன் விளிம்பில் உரசியது. முத்தமிட்டாற்போல் ஓர் உரசல். கல் போய் நடுப்புள்ளி மேலேயே நின்றது.

அரங்கம் எழுந்து கைதட்டியது. மானியம் கோப்பைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றியது. நடுவர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். மரப்பிடி கைகொடுக்க வந்தது. எட்டாம் கல் மட்டும் கார்பனையே பார்த்துக்கொண்டிருந்தது. கற்கள் ஆட்டத்தின் நடுவில் பேசக் கூடாது.

"தொட்டுட்டேன்," என்றது கார்பன்.

கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

மரப்பிடி கைகொடுக்க வந்த வழியிலேயே நின்றது. "லேசாத்தானே?" என்றது.

"லேசோ பலமோ. தொட்டது தொட்டதுதான். வைக்கிறதா எடுக்கிறதான்னு நீ சொல்லு."

மரப்பிடி நடுப்புள்ளியைப் பார்த்தது. ரொட்டிக்கடையை நினைத்துக்கொண்டது. "எடுத்துடு," என்றது.

எட்டாம் கல்லை எடுத்தார்கள். மஞ்சள் ஜெயித்தது.

மானியம் படியிறங்கி ஓடிவந்தது. "என்ன காரியம் பண்ணினீங்க! யாரும் பார்க்கலையே! எந்தப் பயிற்சியாளர் இதைச் சொல்லிக்கொடுத்தார்? என் படிவத்துல இதுக்குக் கட்டம்கூடக் கிடையாது!"

"பயிற்சியாளர் சொல்லல சார். உங்க கோப்புல என்னைப் பத்தி முதல் வரி என்ன எழுதியிருக்கீங்க?"

மானியம் புரட்டியது. "நான் வந்த வருஷத்து இறுதி ஆட்டத்துல நீங்க ஜெயிச்சது."

"அன்னைக்குக் கடைசிக் கல்லு மரப்பிடியோடது. அதுவும் இதே நடுப்புள்ளியிலதான் நின்னுச்சு. நான்கூடப் பார்க்கல. மரப்பிடிதான் வந்து 'தொட்டுட்டேன்'னு சொல்லிச்சு. நான் யோசிக்கவே இல்ல, எடுத்துடுன்னு சொன்னேன். அந்த வரிதான் சார் அது."

மானியம் அந்த வரியை இன்னொரு முறை படித்தது. பிறகு, விதிப்படி, கார்பனின் பெயரை அடித்துவிட்டு மரப்பிடியின் பெயரை எழுதியது.

மரப்பிடி மறுக்கவில்லை. நீதிக்கதைகளில் வருபவர்கள் இந்த இடத்தில் மறுப்பதுண்டு. அவர்கள் யாரும் ரொட்டிக்கடையில் மாவு கூட்டியதில்லை.

"சரிப்பா," என்றது கார்பன், வெளியே வரும்போது. "உன் கடையில இப்ப ஆள் வேணுமா?"

"வேணும். ஆனா மாவு மூக்குல ஏறும், சொல்லிட்டேன்."

கார்பன் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், கூட்டும்போது அதன் பிடி பலகையில் இருந்த ஒரு ரொட்டியில் இடித்தது. பழக்க தோஷம்; நிமிர்ந்து நின்று, "தொட்டுட்டேன்," என்றது. முதலாளி திரும்பிப் பார்த்தார். முப்பது வருடத்தில் அந்தக் கடைக்குள் அவர் கேட்டிராத சொல் அது. மறுநாளே கார்பனைக் கொண்டுபோய்க் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இங்க நிக்க மத்தியானம் வந்தா போதும்," என்றார்.

ஆகவே அடுத்த குளிர்காலத்தில் காலைவேளைகளில் இரண்டு துடைப்பங்களும் ஒரே பனித்தரையில் தேய்த்தன. பயிற்சியாளர் மானியத்தின் சார்பில் மரப்பிடியை மட்டுமே அதட்டினார். அவருடைய குரல் பெரியது, இரண்டுக்கும் கேட்டது. மத்தியானத்துக்கு மேல் கார்பனுக்குக் கடை; மரப்பிடிக்கோ முதிர்ந்த இடுப்பு அதற்கு மேல் வளையாது. கணக்கு சரியாகிவிட்டது.

அக்டோபர் முடிந்தது. நவம்பரும் முடிந்தது. எட்டாம் கல் பேசாமலே இருந்தது.

"என்ன, இந்த வருஷம் யாருன்னு சொல்லவே இல்லையே?" என்று கேட்டது ஏழாம் கல்.

"தெரியல," என்றது எட்டாம் கல். வாய் நிறையச் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை சொல்லிப் பார்த்தது: "எனக்குத் தெரியல!"